சாக்லேட் காசும் கரையும் பனியாறும்

ஸ்விட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில் ஃபீஷ், ஃபீஷர்தால் என்று இரண்டு சிற்றூர்கள். தலைக்கு மேலே ஆல்ப்ஸ் மலையின் மிகப் பெரிய பனியாறான அலெட்ச். 17ஆம் நூற்றாண்டில் அது வளர்ந்துகொண்டிருந்தது. பனியாற்றின் விளிம்பில் தேங்கிய மேர்யெலன் ஏரி அவ்வப்போது பனிக்கரையை உடைத்துக்கொண்டு கீழே பாயும். வயலும் வீடும் போகும். 1678இல் ஊரார் கூடி நேர்ந்துகொண்டார்கள்: இனி ஒழுக்கமாக வாழ்கிறோம், பனியாறு மேலும் வளராமல் இருக்கட்டும். அதுவும் போதாதென்று 1862 முதல் ஆண்டுதோறும் காட்டுக்குள் இருக்கும் தேவாலயத்துக்கு ஊர்வலம் போனார்கள்.

வேண்டுதல் பலித்தது. தேவைக்கு அதிகமாகவே பலித்துவிட்டது. அந்த ஊர்வலம் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை அலெட்ச் பனியாறு 3 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருக்கிறது. 2009இல் ஊரார் வாடிகனை அணுகினார்கள். திருச்சபையின் முன் செய்துகொண்ட நேர்த்தியை ஊரார் தாங்களாக மாற்றிக்கொள்ள முடியாது. போப்பின் சம்மதம் வேண்டும். 2010இல் சம்மதம் கிடைத்தது. இப்போதும் அதே ஊர்வலம், அதே பாதை. வேண்டுதல் மட்டும் தலைகீழ். பனியாறு குறையாமல் இருக்கட்டும் என்று மன்றாடுகிறார்கள்.

இந்தப் பனியாறு பாதுகாப்பில்லாத அநாதை அல்ல. 2001இல் யுனெஸ்கோ இதை யுங்ஃபிராவ், பீட்ச்ஹார்ன் சிகரங்களோடு சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. ஆல்ப்ஸ் மலையில் இயற்கைச் செல்வமாக அந்தப் பட்டியலில் ஏறிய முதல் இடம் இதுதான். 2007இல் எல்லையை விரித்தபோது பரப்பு 824 சதுர கிலோமீட்டர் ஆயிற்று. அந்த எல்லைக்குள் புதிதாக ஓட்டல் கட்டவோ சாலை போடவோ யாரும் கனவு காண முடியாது. சட்டத்தின் கை நீளமானது. ஆனால் வெயிலை அது பிடிக்க முடியவில்லை.

கேரளத்தைவிடச் சற்றே பெரிய இந்த நாட்டுக்கு யுனெஸ்கோ பட்டியலில் 13 இடங்கள் உண்டு. 1983இலேயே மூன்று ஏறிவிட்டன: தலைநகர் பெர்னின் பழைய நகரம், நூலகத்துக்குப் பேர்போன செயின்ட் காலன் மடாலயம், ஏறத்தாழ 1,200 ஆண்டு வயதுள்ள சுவரோவியங்களைக் கொண்ட முஸ்டேர் கன்னிமாடம். ஆல்ப்ஸைச் சுற்றி ஆறு நாடுகளில் பரவிய வரலாற்றுக்கு முற்பட்ட காலக் குடியிருப்புகள் 2011இல் சேர்ந்தன. மொத்தம் 111 இடங்கள். அவற்றில் 56 ஸ்விட்சர்லாந்தில். போய்ப் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஏமாறுவார்கள். பெரும்பாலானவை ஏரித் தண்ணீருக்கு அடியில், சேற்றுக்குள் மரக்கால்களாக நிற்கின்றன. பார்க்கவே முடியாத ஒன்றைக் காப்பாற்றுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இந்தப் பட்டியலில் இந்தியாவுக்கும் உறவுண்டு. கடிகாரத் தொழிலுக்கென்றே வடிவமைக்கப்பட்ட லா ஷோ-த-ஃபோன் நகரம் 2009இல் இடம்பிடித்தது. சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே பிறந்தது அந்த ஊரில்தான். 2016இல் ஏழு நாடுகளில் உள்ள அவருடைய 17 படைப்புகளை ஒரே பதிவாகச் சேர்த்தபோது ஜெனிவாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பும் சண்டிகரின் காபிடல் வளாகமும் உறவினர்களாகிவிட்டன. ஆல்புலா, பெர்னினா கணவாய்களைக் கடக்கும் மலை ரயில் பட்டியலில் ஏறியது 2008இல். கல்கா - சிம்லா ரயில் ஏறியதும் அதே ஆண்டில். அதற்கு மூன்றாண்டு முன்னதாகவே இடம்பிடித்த நீலகிரி ரயிலோ பாதி ஸ்விஸ்காரர். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது வண்டியைப் பின்னுக்கு நழுவாமல் பிடித்துக்கொள்ளும் பல்தண்டவாளம் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளரின் கண்டுபிடிப்பு. பழைய நீராவி எஞ்சின்கள் விண்டர்தூர் நகரில் செய்தவை.

பட்டியல் இருக்கட்டும். யுனெஸ்கோ பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே ஸ்விட்சர்லாந்தில் ஒரு பழக்கம் வேர்விட்டிருந்தது. ஒரு மலையையோ ஏரியையோ காப்பாற்ற வேண்டும் என்றால் அதற்கு யார் காசு கொடுப்பது, யார் நஷ்டத்தைத் தாங்குவது என்ற கேள்வியை அங்கே ஊர் நடுவில் வைத்துக் கேட்பார்கள். அதிகாரி கையெழுத்துப் போட்டு அறிவிப்புப் பலகை நட்டுவிட்டுப் போகிற காரியமாக அது இருந்ததில்லை.

1906இல் மேட்டர்ஹார்ன் சிகரத்தின் உச்சிக்கே ரயில் விட வேண்டும் என்று அரசாங்கத்திடம் அனுமதி கேட்கப்பட்டது. விளையாட்டுப் பேச்சல்ல. பக்கத்தில் யுங்ஃபிராவ் மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் வேலை ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. மேட்டர்ஹார்ன் திட்டத்துக்கு எதிராகச் சுமார் 70,000 பேர் கையெழுத்திட்டார்கள். ரயில் வரவில்லை. யுங்ஃபிராவ் பாதை மட்டும் 1912இல் 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாயைத் தொட்டது. இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேர் அங்கே இறங்கி அலெட்ச் பனியாற்றின் தலைமாட்டில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியச் சாப்பாடு கிடைக்கும் ஓட்டல்கூட உண்டு.

அதே காலகட்டத்தில் கிழக்கே எங்கடீன் பள்ளத்தாக்கில் வேறொரு யோசனை முளைத்தது. 1904இல் அந்தப் பகுதியில்தான் நாட்டின் கடைசிக் கரடியை வேட்டைக்காரர்கள் சுட்டார்கள். மனிதக் கை படாமல் ஒரு மலைப்பகுதியையாவது விட்டுவைப்போம் என்று சில விஞ்ஞானிகள் கிளம்பினார்கள். நிலம் அரசாங்கத்துடையதல்ல, செர்னெட்ஸ் முதலான ஊர்களுடையது. குத்தகைப் பணத்துக்கு எங்கே போவது? 1909இல் ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். ஆண்டுச் சந்தா ஒரு பிராங்க். அந்த ஒற்றை பிராங்குகள் சேர்ந்துதான் 1914 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஸ்விஸ் தேசியப் பூங்கா பிறந்தது. ஆல்ப்ஸ் மலையின் முதல் தேசியப் பூங்கா அது. ஐரோப்பா உலகப் போருக்குள் விழுந்த அதே வாரம்.

இன்று பூங்காவின் பரப்பு 170 சதுர கிலோமீட்டர். நிலம் இன்னமும் ஊர்களின் சொத்துதான்; குத்தகையை மத்திய அரசு செலுத்துகிறது. உள்ளே வேட்டை இல்லை, மரம் வெட்டு இல்லை, மேய்ச்சல் இல்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். வருபவர்கள் நடைபாதையை விட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது. நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தாலும் அனுமதி கிடையாது. முற்றிலும் அழிந்துபோன காட்டாடுகளை 1920இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். தாடிக் கழுகுகளை 1991இல்.

சில்ஸ் ஏரியின் கதை இன்னும் சுவையானது, சொல்லப்போனால் இனிப்பானது. எங்கடீனின் மேல்கோடியில் இருக்கும் அந்த ஏரிக்கரை ஊரில்தான் தத்துவஞானி நீட்ஷே 1880களில் ஏழு கோடைகளைக் கழித்தார். 1940களில் ஏரியை மின் உற்பத்திக்குப் பயன்படுத்தத் திட்டம் வந்தது. கரையோர ஊர்களுக்கு அதில் நல்ல வருமானம். வேண்டாம் என்று அவர்களிடம் உபதேசம் செய்வது சுலபம், ஆனால் உபதேசம் பஞ்சாயத்துக் கணக்கில் வரவாகாதே. 1946இல், போருக்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்தில், நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் தங்கநிறத் தாள் சுற்றிய சாக்லேட் காசுகளை வீடுவீடாக விற்றார்கள். சாக்லேட் அரிதாயிருந்த நேரம், காசுகள் பறந்தன. அந்தப் பணத்திலிருந்து ஊர்களுக்கு நஷ்டஈடு கொடுத்தார்கள். ஏரி தப்பியது. பிள்ளைகள் அந்த விற்பனையை நிறுத்தவில்லை. இன்றும் ஆண்டுதோறும் ஒரு காட்டுக்காகவோ பழைய கட்டடத்துக்காகவோ சாக்லேட் காசு விற்கப்படுகிறது.

பிராங்கும் சாக்லேட்டும் எட்டாத இடத்தில் வாக்குச் சீட்டு. 1980களில் ஷ்வீஸ் மாநிலத்தின் ரோட்டன்துர்ம் சதுப்பு நிலத்தில் ராணுவம் பயிற்சித் தளம் அமைக்க விரும்பியது. அங்கிருந்த விவசாயிகள் நிலம் தர மறுத்தார்கள். ராணுவத்தை எதிர்ப்பது ஸ்விட்சர்லாந்தில் சின்ன விஷயமல்ல. உடல் தகுதியுள்ள ஒவ்வொரு ஆணும் அன்று அங்கே சிப்பாய்தான். விவகாரம் தேசிய வாக்கெடுப்புக்குப் போயிற்று. 1987 டிசம்பரில் சுமார் 58 சதவீதம் பேர் சதுப்பின் பக்கம் நின்றார்கள். இதில் ரோட்டன்துர்ம் மட்டுமல்லாமல் நாட்டின் முக்கியமான சதுப்பு நிலங்கள் எல்லாமே அரசியல் சாசனத்தின் காவலுக்குள் வந்துவிட்டன. 1983 ஜூனுக்குப் பிறகு அவற்றில் எழுப்பிய கட்டுமானத்தை இடித்து, நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்று பின்தேதியிட்டு ஒரு விதியையும் எழுதிவைத்தார்கள். சேற்றுக்கும் தவளைக்கும் அரசியல் சாசனத்தில் இடம் கொடுத்த நாடுகள் அதிகமில்லை.

எல்லாம் இப்படி ஒருமனதாக நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஜெனிவா ஏரிக்கரையில் லொசானுக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டருக்கு நீளும் லாவோ திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தால் அது புரியும். செங்குத்தான சரிவில் கற்சுவர் எழுப்பி, மண் நிரப்பி, படிப்படியாக அடுக்கிய தோட்டங்கள். 12ஆம் நூற்றாண்டிலேயே துறவிகள் இங்கே கொடி வளர்த்தார்கள். இந்தச் சரிவுக்கு மூன்று சூரியன் என்பார்கள் உள்ளூர்க்காரர்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பிரதிபலிப்பது ஒன்று, பகலெல்லாம் சூடேறிய கற்சுவர் இரவில் திருப்பித் தருவது ஒன்று. ஏரியைப் பார்த்த மாளிகை கட்ட இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? வீட்டு மனைக்காரர்களும் அதையே நினைத்தார்கள்.

ஃப்ரான்ஸ் வேபர் என்ற பத்திரிகையாளர் அவர்களுக்கு எதிராகக் கிளம்பினார். 2019இல் 91 வயதில் மறைந்த வேபர், வாழ்நாள் முழுவதும் ஏதாவது ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தவர். நண்பர்களைவிட அவருக்கு விரோதிகள் அதிகம். அவர் முயற்சியில் வோ மாநில மக்கள் 1977இல் லாவோவைக் காக்க வாக்களித்தார்கள். 2005இல் மறுபடியும். 2007இல் யுனெஸ்கோ வந்தது. வேபருக்குத் திருப்தியில்லை, இன்னும் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று 2014இல் மூன்றாம் முறை மக்களிடம் போனார். இந்த முறை தோட்டக்காரர்களே எதிர் வரிசையில் நின்றார்கள். திராட்சை விளைவிப்பவனுக்குக் கிடங்கு வேண்டும், புது இயந்திரம் வைக்கக் கொட்டகை வேண்டும், மகனுக்கு ஒரு வீடு வேண்டும். தோட்டத்தை அருங்காட்சியகமாக்கி எங்களை அதற்குக் காவலாளியாக்காதீர்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். மக்கள் வேபரை நிராகரித்து அரசாங்கத்தின் மிதமான மாற்றுத் திட்டத்தை ஏற்றார்கள். வேபர் தோற்றார் என்று சொல்லலாம். ஆனால் சுவர் சரிந்தால் கல்லை எடுத்துவைக்கப்போவது தோட்டக்காரர்தானே? வாக்காளர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

தேசியப் பூங்கா விஷயத்திலும் இதே கதை. இரண்டாவது தேசியப் பூங்கா ஒன்றை உருவாக்கப் பல ஆண்டுகள் உழைத்தார்கள். 2016இல் அதூலா பூங்கா வாக்கெடுப்புக்கு வந்தது. 17 ஊர்களில் 8 ஊர்கள் கைவிரித்தன. 2018இல் லொகார்னோ பகுதியில் இன்னொரு முயற்சி. 8 ஊர்களில் 6 ஊர்கள் மறுத்தன. மேய்ச்சலும் காளான் பறிப்பும் வேட்டையும் தங்கள் பாட்டன் காலத்து உரிமை என்பது அவர்கள் கட்சி. நூறாண்டு கடந்தும் ஸ்விட்சர்லாந்தில் ஒரே ஒரு தேசியப் பூங்காதான்.

மலைவாசியின் கட்சியிலும் நியாயம் உண்டு. இந்தித் திரைப்படப் பாடல்களில் கதாநாயகி ஓடிவரும் அந்தப் பச்சைச் சரிவுகளை எத்தனையோ இந்தியர்கள் இயற்கையின் கொடை என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மர எல்லைக்குக் கீழே உள்ள சரிவுகளில் மாடு மேய்வது நின்றால் சில ஆண்டுகளில் புதர் மண்டும், பிறகு காடாகும். கோடையில் மாட்டை மேலே ஓட்டிப்போவதும் புல் அறுப்பதும்தான் அந்தப் பச்சையைப் பச்சையாக வைத்திருக்கின்றன. 1996இல் அரசியல் சாசனத்தைத் திருத்தியபோது மக்கள் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஆதரித்து, நிலக்காட்சியைப் பேணுவதும் விவசாயியின் கடமை, அதற்கு அரசு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். மாடு மேய்ப்பவருக்குப் பாலுக்கு ஒரு விலை, பார்வைக்கு ஒரு விலை. மலை மேய்ச்சல் பருவத்தையே 2023இல் யுனெஸ்கோ தன் மற்றொரு பட்டியலில், பண்பாட்டு மரபாகச் சேர்த்துக்கொண்டது.

இப்படிப் பேரம் பேசிப் பழகிய நாட்டுக்கு, பேரம் பேச ஆளில்லாத எதிரி வந்து சேர்ந்திருக்கிறது. 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் ஸ்விஸ் பனியாறுகள் தங்கள் பனியில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. அலெட்ச் பனியாற்றின் நடுவே மூன்று பெரும் பனிக்கிளைகள் கூடும் இடத்துக்கு மேல் 1877இல் மலையேறிகளுக்கு ஒரு குடில் கட்டினார்கள். அப்போது பனிக்கும் குடிலுக்கும் இடைவெளி 50 மீட்டர் அளவுதான். பனி இறங்க இறங்கப் பாறையில் இரும்புப் படிகளைச் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். இன்று 400 படிகளுக்கு மேல் ஏறினால்தான் குடிலை எட்டலாம். ஃபுர்கா கணவாய்ப் பக்கம் ரோன் பனியாற்றின் ஒரு பகுதியைக் கோடைதோறும் வெள்ளைத் துணியால் போர்த்துகிறார்கள். காய்ச்சல்காரனுக்குப் போர்த்துவது போல என்று சொல்லத் தோன்றும். இங்கே காரணம் நேர்மாறு. சுற்றுலாப் பயணிகளுக்காகக் குடைந்த பனிக்குகை சீக்கிரம் உருகிவிடாமல் இருக்கத்தான் போர்வை.

பனியாறும் ஒருநாள் வாக்குச் சீட்டுக்கு வந்தது. 2021 ஜூனில் கரியமில வாயுவைக் குறைக்கும் சட்டத்தை 51.6 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பெட்ரோல் விலை ஏறும் என்ற பயம். ‘பனியாற்று முன்முயற்சி’ என்ற பெயரிலேயே கையெழுத்து இயக்கம் நடந்து, அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டத்தை 2023 ஜூனில் 59 சதவீதம் பேர் ஏற்றார்கள். 2050க்குள் நிகரக் கரியமில வெளியேற்றம் பூஜ்யமாக வேண்டும் என்கிறது அது. இந்த முறை புது வரி போடாமல் மானியம் கொடுக்க முன்வந்திருந்தார்கள்.

எண்ணெயை விட்டால் மின்சாரம் வேண்டும். நாட்டின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தண்ணீரிலிருந்து வருகிறது. இன்னும் வேண்டுமானால் இன்னும் அணை வேண்டும். அணை கட்ட வாகான இடம் எது? பனியாறு பின்வாங்கிய பள்ளத்தாக்குதான். பெர்ன் மாநிலத்தில் டிரிஃப்ட் பனியாறு கரைந்த இடத்தில் தானாக ஓர் ஏரி உருவாகியிருக்கிறது. அங்கே அணை கட்டத் திட்டம். மனிதன் இதுவரை தொடாத, அண்மையில்தான் பிறந்த நிலம் அது. சில அமைப்புகள் அதைத் தொடாதே என்கின்றன. இன்னும் சில, பருவநிலையை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதிக்கின்றன. 2024 ஜூனில் இத்தகைய திட்டங்களுக்கு வழிவிடும் மின்சாரச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தபோது பெரிய சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆதரித்தன. எதிர்ப்பை முன்னின்று நடத்தியது மறைந்த ஃப்ரான்ஸ் வேபரின் அறக்கட்டளை. 68.7 சதவீத ஆதரவோடு சட்டம் வென்றது. அன்று சில்ஸ் ஏரியை மின்சாரத்திடமிருந்து காப்பாற்றப் பிள்ளைகள் சாக்லேட் விற்றார்கள். இன்று மின்சாரத்தை மறுப்பதா ஏற்பதா என்பதிலேயே அவர்களின் பேரப்பிள்ளைகள் இரண்டுபட்டு நிற்கிறார்கள்.

2025 மே 28ஆம் தேதி பிற்பகல், பீட்ச்ஹார்ன் மலைப்பக்கம் லோட்ஷென்தால் பள்ளத்தாக்கில் பிர்ஷ் பனியாறு இடிந்து விழுந்தது. மேலிருந்த பாறைகள் நாட்கணக்கில் அதன் மேல் சரிந்து குவிந்திருந்தன, பாரம் தாங்கவில்லை. உயரத்தில் உறைந்திருந்த நிலம் இளகியதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். பிளாட்டன் என்ற ஊரின் 90 சதவீதம் பனியிலும் சேற்றிலும் புதைந்தது. மலை அசைவதைக் கருவிகள் காட்டிக்கொடுத்ததால் ஒன்பது நாள் முன்பே 300 பேரையும் மாடுகளையும் வெளியேற்றியிருந்தார்கள். ஒருவர் மட்டும் இறந்தார்.

பிளாட்டனிலிருந்து மலைத்தொடரைத் தாண்டினால் அலெட்ச். அதன் காலடியில் ஃபீஷ். அந்த ஊர்க்காரர்கள் கோடை வந்ததும் வழக்கம்போல விடியற்காலையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு காட்டுத் தேவாலயத்துக்கு நடக்கிறார்கள், பனியாறு கொஞ்சம் வளரட்டும் என்று கேட்க.